கரண்ட் போய் வந்ததும் விஎம் உறைந்து நிற்கிறதா? நாஸ் பக்கம் பார்க்க வேண்டியவை

ஆம்பூர் ஷூ கம்பெனி அலுவலகமோ, சத்துவாச்சாரி பில்லிங் சென்டரோ, சின்ன இடங்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு: விஎம்களை (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் ஒன்றோ இரண்டோ, அவற்றின் டிஸ்குகளை என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையில் நெட்வொர்க் வழியே தரும் ஸ்டோரேஜ் பெட்டியான நாஸ் ஒன்று, நடுவில் ஒரு சுவிட்ச். பிரச்சினை பெரும்பாலும் மின்வெட்டு முடிந்த பிறகுதான் தலைகாட்டும்.

விஎம் உறைந்தால் உடனே ரீசெட் அடிக்காதீர்கள். டிஸ்குக்குப் போய்ச் சேராத டேட்டா போய்விடும். ஹோஸ்டில் டாப் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சிபியு சும்மா இருக்க லோடு ஆவரேஜ் மட்டும் ஏறி, பிராசஸ்கள் 'டி' நிலையில் நின்றால், அவை ஸ்டோரேஜ் பதிலுக்குக் காத்திருக்கின்றன. டிமெசேஜில் (கெர்னல் பதிவு) 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நாஸைச் சரிசெய்தால் விஎம் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதற்கு மவுன்ட் (நாஸ் ஃபோல்டரை ஹோஸ்டில் இணைப்பது) 'ஹார்டு' ஆக இருக்க வேண்டும். 'சாஃப்ட்' வைத்தால் காத்திருக்காமல் எரர் திருப்பி, கெஸ்டின் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) ஃபைல் சிஸ்டத்தைக் கெடுக்கும்.

அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. ஹோஸ்ட் சீக்கிரம் எழுந்துவிடும், நாஸ் நிதானமாக எழும். என்எஃப்எஸ்ஸை எஃப்எஸ்டேபில் (லினக்ஸின் மவுன்ட் பட்டியல் ஃபைல்) மவுன்ட் செய்து, பிராக்ஸ்மாக்ஸில் 'டைரக்டரி' ஸ்டோரேஜாகக் கொடுத்திருந்தால், மவுன்ட் ஆகாத காலி ஃபோல்டரும் அதற்கு ஸ்டோரேஜ்தான். இரவு பேக்கப் முழுக்க ஹோஸ்டின் ரூட் டிஸ்கில் விழும். பிறகு நாஸ் மவுன்ட் ஆகி அந்த ஃபைல்களை மூடிக்கொள்ளும். டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பியதாகக் காட்டும், ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளையின் கணக்கு மட்டும் உதைக்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை வேறொரு ஃபோல்டரில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே இடத்தை இன்னொரு பாதையிலும் காட்டும் முறை) பார்த்தால் ஒளிந்திருப்பவை தெரியும்.

மறுபடி நடக்காமலிருக்க, அந்த ஸ்டோரேஜுக்கு 'இஸ் மவுன்ட்பாயின்ட்' அமைப்பை 'எஸ்' ஆக்குங்கள். கூடவே, அன்மவுன்ட் செய்த நிலையில் காலி ஃபோல்டருக்கு சேட்டர் கட்டளையால் பிளஸ் ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் குறி) போடுங்கள். ரூட் யூசராலும் அதில் எழுத முடியாது, மேலே மவுன்ட் செய்வதற்குத் தடையில்லை. விஎம்கள் தானாக எழும் முன் 300 விநாடி வரை தாமதமும் வைக்கலாம்.

மின்னலில் போன சுவிட்சுக்குப் பதிலாகக் கிடைத்ததை மாட்டியிருந்தால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) பாருங்கள். சாதாரண பிங் போகும், ஃபைல் பட்டியலும் வரும், பெரிய காப்பி மட்டும் நின்றுவிடும். எம்டியு 9000 என்றால், பாக்கெட்டை உடைக்காதே என்ற குறியோடு 8972 பைட்டில் பிங் அடியுங்கள் (மீதி 28 ஹெடர்கள்). போகாவிட்டால் ஹோஸ்ட், சுவிட்ச், நாஸ் மூன்றில் ஒன்று ஒத்துப்போகவில்லை. ஒரு ஜிகாபிட் லைனில் எல்லாவற்றையும் 1500 ஆக்கிவிடுவதே நிம்மதி.

விஎம் மேல் 'ஐஓ எரர்' என்று காட்டி இடைநிறுத்தப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்டோரேஜில் இடம் தீர்ந்திருக்கும். இடம் காலி செய்து ரெஸ்யூம் கொடுத்தால் போதும்.

லினக்ஸ் கெஸ்ட் ரீட்-ஒன்லி ஆகிவிட்டதா? டிஸ்க் சாட்டாவில் இருந்தால் அது 30 விநாடிதான் பொறுக்கும், விஎம்களுக்கென்றே உள்ள டிஸ்க் இணைப்பு முறையான விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். விண்டோஸில் டிரைவரை முதலில் போடாமல் மாற்றினால் நீலத்திரைதான். எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் ரிப்பேர் கட்டளை) ஓட்டுமுன் அதே விஎம் இன்னொரு ஹோஸ்டில் எழவில்லை என்று பாருங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் ரிப்பேர் வேலைக்கு ஆகாது, பேக்கப்பை எடுக்க வேண்டியதுதான்.