தூங்கி எழுந்தும் களைப்புத் தீரவில்லையா? சிபாப் கருவியில் கை வைப்பதற்கு முன்

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா என்று தெரிந்து, அதற்காக மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி வாங்கி, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுத் தூங்கியும், காலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சிலர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் உள்ள என் வீட்டுக்கு வருவதுண்டு. நான் மருத்துவன் அல்லன். ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கருவியோடு தூங்குகிறவன். வருகிறவர்கள் செய்துவிட்டு வரும் தவறுகளில் பெரும்பாலானவை என் முதல் ஆண்டில் நானே செய்தவை என்பதால் இதை எழுதுகிறேன். மாஸ்க்கைக் கழுவாமல் வைப்பது, ஃபில்டரை மாற்றாமல் விடுவது போன்றவற்றைக் கருவி கொடுத்தவரே சொல்லியிருப்பார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

களைப்பு என்றதும் பிரஷரைக் கூட்டுவது

இந்த ஒன்றைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வீடியோ பார்த்து, கருவியில் மருத்துவருக்கென்று மறைத்து வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து, பிரஷர், அதாவது காற்றழுத்தம், 8 என்று இருந்ததை 10 ஆக்கி, அதையும் 12 ஆக்கிவிட்டு, அதன் பிறகுதான் யோசனை கேட்க வருகிறார்கள்.

பிரஷர் செய்யும் வேலை என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட இந்த முறையின் அடிப்படை எளிமையானது: தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையை, மூக்கு வழியே செல்லும் காற்றின் அழுத்தம் திறந்தபடி வைத்திருக்கிறது. கரையேற்றிய படகுக்கு முட்டுக்கொடுப்பது போன்ற வேலை அது. முட்டு உறுதியாக நின்ற பிறகும் கட்டையை அடித்து இறக்கினால் படகுக்குப் பலம் கூடாது, பலகைதான் விலகும்.

எனக்கு மருத்துவர் வைத்துக் கொடுத்தது 9. முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மூன்றாம் மாதம் காலையில் வாய் வறண்டு, பகலில் கண் செருகத் தொடங்கியது. 9 போதவில்லை என்று நானே முடிவு செய்து 11 வைத்தேன்; பத்து நாளில் 13. அதன் பிறகு விடியும்போது வயிறு காற்றால் உப்பி, ஏப்பமாக வந்தது. மணிக்கு 3 என்று இருந்த ஏ.ஹெச்.ஐ., அதாவது ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றோ குறைந்தோ போன தடவைகளின் எண்ணிக்கை, 9-ஐத் தொட்டது. மாஸ்க் சரியில்லை என்று பல ஆயிரம் கொடுத்து வேறொன்று வாங்கினேன், அதுவும் உதவவில்லை. அந்த நாட்களில் ஒரு பிற்பகல், பாம்பன் சாலைப் பாலத்தில் பைக்கில் வரும்போது கண் மூடிப்போய், சக்கரம் நடைபாதை விளிம்பில் உரசியது. பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பகலில் அப்படிக் கண் செருகுகிறவர், காரணம் தெரிந்து சரியாகும் வரை வண்டி ஓட்டவே கூடாது. நான் அதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மதுரையில் மருத்துவர் கருவியின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்து, ஒரு தேதியில் விரலை வைத்தார். அந்த வாரத்திலிருந்து காற்றுக் கசிவு நிமிடத்துக்கு 30 லிட்டரைத் தாண்டியிருந்தது. என்னுடைய கருவிக்கு 24-க்கு மேல் போனாலே அது பெரிய கசிவு. மூக்கைச் சுற்றி உட்காரும் சிலிகான் குஷன் தளர்ந்து போயிருந்ததும், அதை இறுக்க நான் வாரை இழுத்துக் கட்டியதும்தான் காரணம். அந்த மெல்லிய சிலிகான் காற்றில் உப்பி முகத்தில் படிந்தால்தான் கசிவு அடைபடும். இறுக்கி நசுக்கினால் மடிப்பு விழுந்து இன்னும் கசியும். பிரஷரைக் கூட்டக் கூட்டக் கசிவும் கூடியது, வாயும் திறந்துகொண்டது, அந்தச் சத்தமும் காற்றும் என்னை அறியாமலே என்னை எழுப்பிக்கொண்டிருந்தன. கூடிய அப்னியாவில் பெரும்பகுதி தொண்டை அடைப்பால் வந்ததே அல்ல. மூளை சில நொடிகள் மூச்சு விடச் சொல்லாமல் இருக்கும் சென்ட்ரல் அப்னியா. சிலருக்குப் பிரஷர் தேவைக்கு மேல் போனால் இது தலைகாட்டும். அதற்கு மருந்தாக மேலும் பிரஷரைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான். பழைய 9-க்குத் திரும்பி, குஷனை மட்டும் மாற்றிய பிறகு, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தேன்.

பிரஷர் உண்மையிலேயே போதாமல் போவதும் உண்டு. எடை கூடியிருந்தாலோ, மாஸ்க் போட்டும் குறட்டை கேட்டாலோ, மல்லாந்து படுக்கும் நேரங்களில் மட்டும் தொண்டை அடைப்புகள் குவிந்தாலோ மருத்துவர் அதை மாற்றக்கூடும். ஆனால் அவர் பார்க்கும் வரிசை வேறு: முதலில் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், அடுத்து கசிவு, அதன் பிறகு மிஞ்சியிருப்பது எந்த வகை அப்னியா, கடைசியில்தான் பிரஷர். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது ஒரு வாரம் விட்டு, காலையில் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்றை ஒரே இரவில் மாற்றியவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

திரையில் உள்ள எண்ணை மட்டும் நம்புவது

"அண்ணே, 1.8தான் காட்டுது. அப்புறமும் ஏன் இப்படி இருக்கு?" என்று கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டார். அவர் சொன்னது ஏ.ஹெச்.ஐ. எண்ணை. அது 5-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அது உண்மைதான். ஆனால் அவர் கருவியைப் போட்டிருந்தது இரவுக்கு மூன்றரை மணி நேரம். அதிகாலை மூன்று மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் தூங்குகிறார். கழற்றிய பின் நடப்பது எதுவும் அந்த 1.8-இல் சேராது. கனவு காணும் தூக்கம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில்தான் வருகிறது. பலருக்குத் தொண்டை மிக அதிகமாகத் தளர்வதும் அந்த நேரத்தில்தான். பெரிய கசிவு இருந்தால் அந்த எண்ணையே நம்ப முடியாது என்பதும், முழு அப்னியா ஆகாமல் மூச்சு இழுபட்டுத் தூக்கம் கலைவதை அது எண்ணாமல் விடலாம் என்பதும் கூடுதல் சிக்கல்கள்.

அவருக்குத் தாடி இருந்ததால் மூக்கும் வாயும் மூடும் மாஸ்க் பொருந்தவே இல்லை. காற்று கண்ணில் அடித்ததால்தான் கழற்றியிருக்கிறார். மூக்குத் துளைகளில் மட்டும் உட்காரும் பில்லோ மாஸ்க்குக்கு மாறிய பிறகு ஆறு மணி நேரம் தாங்குகிறது.

கடலில் கழியும் இரவுகளைக் கணக்கில் சேர்க்காதது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கருவியைத் தொடங்கிய தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரர் ஒருவர், ஜூலையில் கருவி கெட்டுப்போய்விட்டது என்று கொண்டுவந்தார். கருவியில் ஒரு பழுதும் இல்லை. தடைக்காலத்தில் எல்லா இரவும் வீட்டில் தூங்கினார். தொழில் தொடங்கியதும் படகில் கழியும் இரவுகளில் கருவியும் இல்லை, தொடர்ந்த தூக்கமும் இல்லை. கரைக்கு வந்து பகலில் படுக்கும்போதும் கருவியைப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முகத்தில் எண்ணெய்

படுக்கப் போகும்போது தேய்க்காதீர்கள், மாஸ்க் வழுக்கும்.

ஹியூமிடிஃபையரில் ஊர்த் தண்ணீர்

கருவியின் காற்றை ஈரமாக்கும் அந்தத் தொட்டிக்கு நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வேண்டாம்; மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள்.

தூக்க மாத்திரை

மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

எல்லாப் பழியையும் கருவியின் மேல் போடுவது

மணி நேரம், கசிவு, அப்னியா மூன்றும் சரியாக இருந்தும் களைப்பு நீடித்தால், காரணம் வேறெங்கோ இருக்கக்கூடும். தைராய்டு குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, இரவில் கால் குடைச்சல், சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் மயக்கம் தரும் மாத்திரைகள், நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுவதால் சுருங்கும் தூக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தேவிபட்டினத்து அக்கா ஒருவர் எட்டு மாதம் கருவியை நொந்துகொண்டிருந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னபோதுதான் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தது. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்ட பிறகு, விடியற்காலையில் தானாக விழிப்பு வருகிறது என்று போனில் சொன்னார். அவர் கருவியில் பிரஷர் அப்போதும் 8, இப்போதும் 8.