மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? முதலில் அக்கவுண்டைப் பாருங்கள்

பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து பஸ் ஏறி தர்மபுரிக்குப் படிக்க வருகிறவர்களில், அரசுப் பள்ளியில் படித்த நிறையப் பேருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வந்தது தெரியும், போனது தெரியாது. வரவு செலவு நோட்டு போடச் சொல்ல மாட்டேன், நானே மூன்று நாளைக்கு மேல் எழுதியதில்லை.

அதற்குப் பதில் ஜிபே, போன்பே எது வைத்திருந்தாலும் அதில் 'ஆட்டோபே' எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே மாதம் கிரிக்கெட் பார்க்கலாம் என்று போட்டது மாதாமாதம் உருவிக்கொண்டிருக்கும். நிறுத்துங்கள். அப்புறம் பாஸ்புக்கில் பதிந்து, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பிடித்திருக்கிறார்களா பாருங்கள். பிடித்திருந்தால் 'பேசிக் சேவிங்ஸ்' கணக்காக மாற்றித்தரும்படி எழுதிக் கொடுங்கள், அதில் பணமே இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது. கவுன்ட்டரில் "அப்புறம் வா" என்றால் அப்புறமும் போங்கள்.

சேமிக்க, மாதாமாதம் ஒரே தொகை கட்டும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. கணக்கை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஆனால் அது 5 வருடக் கணக்கு, 3 வருடத்துக்கு முன் மூட முடியாது. படிக்கும்போதே பணம் தேவைப்படும் என்றால் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போதும்.

கடன் ஆப்பில் 5,000 என்று காட்டி, பிடித்தம் போக 3,500 தந்து, 7 நாளில் 5,000 கட்டச் சொன்னால் கணக்குப் போடுங்கள். நூற்றுக்குப் பத்து வட்டிக்கு விடுகிறவரைக் கந்துவட்டிக்காரர் என்று ஊரே திட்டுகிறது, அது மாதத்துக்கு. இது ஒரே வாரத்தில் நூற்றுக்கு 42க்கு மேல்.

இதைவிட மோசமானது அக்கவுண்ட் வாடகை. "ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, பணம் வந்து போகும், 5,000 தருகிறோம்" என்பார்கள். என் ஹாஸ்டல் அறை நண்பன் கொடுத்தான். வந்தது யாரையோ ஏமாற்றிய பணம். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் கணக்கு முடங்கியது, அவனுடைய 1,000 ரூபாயும் உள்ளேயே மாட்டியது, விளக்கம் சொல்ல வெளிமாநில ஸ்டேஷனுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, இன்றே கார்டையும் சிம்மையும் பிளாக் செய்யுங்கள், கிளையில் எழுத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள், போலீஸ் சொல்லித் தெரிவதற்குள்.