டிராப்பாக்ஸ் பப்ளிக் ஃபோல்டர் இணைப்புகள் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது

பழைய பதிவைத் திறந்தால் படம் இருந்த இடத்தில் உடைந்த ஐகான், தரவிறக்க இணைப்பைத் தட்டினால் 404. முதலில் அந்த முகவரியைப் பாருங்கள். டிராப்பாக்ஸ்யூசர்கன்டென்ட் என்ற பெயர், அடுத்து யூ என்ற ஒற்றை எழுத்து, அதன் பிறகு ஒரு கணக்கு எண், இப்படி இருந்தால் அது பப்ளிக் ஃபோல்டர் இணைப்பு. இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் கணக்கில் முன்பு இருந்த ஒரு ஃபோல்டர் அது, அதில் போட்ட கோப்பை முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம். இனி எத்தனை தடவை ரிஃப்ரெஷ் செய்தாலும் திறக்காது.

நடந்தது இதுதான். 2012 அக்டோபருக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் அந்த ஃபோல்டர் தானாக வருவது நின்றது. 2016 அக்டோபரில், இலவசக் கணக்கில் வைத்த ஹெச்டிஎம்எல் பக்கங்கள் உலாவியில் பக்கமாக விரிவதை நிறுத்தினார்கள். 2017 மார்ச் 15 அன்று இலவசக் கணக்குகளிலும், செப்டம்பர் 1 அன்று பணம் கட்டியவர்களின் கணக்குகளிலும் அது சாதாரண தனிப்பட்ட ஃபோல்டராக மாறியது. பகிர்வதற்கு இதைவிட நல்ல வழிகள் வந்துவிட்டன என்றது நிறுவனம். அவர்கள் சொன்ன புதிய பகிர்வு இணைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஒரு எழுத்துக்கோவை வரும், ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. பழைய இணைப்பிலோ கணக்கு எண் வரை எல்லாவற்றுக்கும் ஒரே முன்பகுதி, அப்புறம் ஃபோல்டர் பெயர், கோப்புப் பெயர், அவ்வளவுதான். அதனால்தான் மக்களுக்கு அவ்வளவு கோபம் வந்தது: நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே வரியில் மாற்றிவிட வழியில்லை, ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற வேண்டும், அதிலும் பாதி அடுத்தவர் தளங்களில் கிடக்கும். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு மண்டபத்தை மாற்றுவது போன்ற வேலை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். போனது முகவரி மட்டும்தான், நீங்களே அழித்திருந்தால் ஒழிய கோப்புகள் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். அந்த ஃபோல்டரை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர் அமைப்பும் கோப்புப் பெயர்களும் மாறாமல் இருந்தால்தான் அடுத்த வேலை சுலபமாகும். முழுவதையும் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்து, இணைப்புகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ எழுதுகிறவர் என்றால் மொத்தப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து, கிடைக்கும் கோப்பை நோட்பேட் மாதிரி ஏதாவது ஒன்றில் திறந்து டிராப்பாக்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள், பதிவுகளில் இருப்பவை கிடைத்துவிடும்.

படங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், உங்கள் தளத்திலேயே ஏற்றிவிடுங்கள். பிடிஎஃப், எம்பி3 போன்றவை நாலைந்துதான் என்றால் டிராப்பாக்ஸின் புதிய பகிர்வு இணைப்பே போதும். அதன் கடைசியில் டிஎல்=0 என்று இருக்கும், அதை டிஎல்=1 என்று மாற்றினால் நேரே தரவிறங்கும். அந்த இடத்தில் ஆர்ஏடபிள்யூ=1 என்று போட்டால் முன்னோட்டப் பக்கம் இல்லாமல் கோப்பே திறக்கும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும்.

கோப்புகள் நிறைய இருந்தாலோ, ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் இருந்தாலோ பகிர்வு இணைப்பை நம்பாதீர்கள். கோப்புகளை ஏற்றினால் இணையதளமாகவே காட்டும் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில், பப்ளிக் ஃபோல்டரில் இருந்த அதே அமைப்பில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள், இலவசம்தான். ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் போகக்கூடாது, மொத்தத் தளமும் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். அமைப்பு அதேதான் என்பதால் முகவரியின் முன்பகுதியை மட்டும் மாற்றினால் போதும். சொந்த சர்வரில் ஓடும் வேர்ட்பிரஸ் என்றால் தேடி மாற்றும் பிளகின் ஒன்றே மொத்தத்தையும் முடித்துவிடும். அதற்கு முன் டேட்டாபேஸை பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

உங்களால் திருத்த முடியாத இடங்களில் இருப்பவற்றுக்கு, அந்தத் தளத்தை நடத்துபவருக்குப் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் எழுதி அனுப்பலாம். சிலர் மாற்றுவார்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வேறொருவர் வைத்திருந்த கோப்பு என்றால் பழைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். கணக்கு எண் வரைக்கும் கொடுத்து, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் அந்தக் கணக்கிலிருந்து சேமிக்கப்பட்டவை எல்லாம் பட்டியலாக வரும். இது பலருக்குத் தெரிவதில்லை. அங்கேயும் இல்லையா, கோப்பு வைத்தவரையே கேளுங்கள், அவரிடம் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் செய்த பிறகு மறுபடி இதே நிலை வராமலிருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது: வெளியே கொடுக்கும் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். கூகுள் டிரைவ்கூட தளம் நடத்தும் வசதியை 2016 ஆகஸ்டில் மூடியது, பெரிய நிறுவனம் என்பதால் ஒன்றும் நிலைத்துவிடாது. ஒரு டொமைன், அதாவது உங்களுக்கென்று ஓர் இணைய முகவரிப் பெயர் வாங்கி, கோப்புகளுக்கென்று அதில் ஒரு துணை டொமைன் அமைத்து, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் பதிவால் அதை கிட்ஹப் பேஜஸுக்குத் திருப்பிவிடுங்கள். நாளை கிட்ஹப் வேண்டாம் என்றால் கோப்புகளை வேறிடத்தில் அதே அமைப்பில் வைத்து அந்தப் பதிவை மாற்றினால் ஆயிற்று, வெளியே கொடுத்த ஓர் இணைப்பும் உடையாது. ஆண்டுதோறும் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் மட்டும் எல்லாமே போய்விடும், அதனால் ஆட்டோ ரினியூவல் போட்டுவிட்டு, நினைவூட்டல் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலுக்கே வருகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.