பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்கவில்லையா?

பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் கழுத்து ஒரு பக்கமாக இழுபடும், அப்போது கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து அடிபடலாம். கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, முழங்கை மடங்காமல் கிடந்தால் பெரும்பாலும் மேல் நரம்புகளில்தான் அடி, டாக்டர்கள் எர்ப்ஸ் பால்சி என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே தேறிவிடும், உண்மைதான். ஆனால் நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதுவரை தோள் மூட்டு இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள் வேலை.

முதலில் எக்ஸ்ரே. காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) உடைந்திருந்தால் பயிற்சியைச் சில வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று வருகிறவர் கையில் குழந்தையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கைகளைக் குறுக்கே இழுத்துவிடும் பழக்கமும் வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல் தலையையும் இடுப்பையும் தாங்கித் தூக்குங்கள். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

டாக்டர் ஆரம்பிக்கலாம் என்றதும் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது இது: மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையால் தோளை அசையாமல் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிச் சில நொடி வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் எதிரில் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, பிறகு துணி மாற்றும்போதெல்லாம் செய்யலாம். அரசு மருத்துவமனையில் டிஇஐசி, அதாவது குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம், எங்கே என்று கேளுங்கள், அங்கே இலவசம்.

அப்புறம் பிறந்ததிலிருந்து 3 மாதக் கணக்கு. அதற்குள் முழங்கையைத் தானாக மடக்கவில்லை என்றால் இந்த நரம்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், தேவைப்பட்டால் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள், ரொம்பத் தாமதித்தால் தசை அதை ஏற்காது. விரல்கூட அசையாமல் கை முழுக்கத் துவண்டிருந்தாலோ, அந்தப் பக்கத்து இமை இறங்கியிருந்தாலோ 3 மாதம் காத்திருக்காமல் முதல் மாதத்திலேயே காட்டுங்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கே.

கை நன்றாக வந்த பிறகும் வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியை நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு எளிதாகத் திரும்பிய தோள் இறுக ஆரம்பித்தால், மூட்டு நழுவுகிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.