மதுரையில் வீடு வாங்கப் போறீங்களா? மழைக்கு மறுநாள் ஏரியாவைப் பாருங்க

பட்ஜெட்டுக்குள் வரும் ஏரியாக்கள் இரண்டு மூன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். வெயில் நாளில் புரோக்கர் காட்டும்போது எல்லாத் தெருவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மதுரையைச் சுற்றி இருப்பவை சங்கிலித் தொடர் கண்மாய்கள். ஒன்று நிறைந்தால் மறுகால் என்னும் உபரிநீர்க் கால்வாய் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். அந்தக் கால்வாய் சுருங்கிய இடங்களில் மழைநீர் தெருவுக்குள் திரும்பிவிடுகிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் இதற்காக ஒரு ஏரியாவையே ஒதுக்க வேண்டாம். நாலு தெரு தள்ளி மேடாக இருக்கலாம், விலையும் பெரிதாக மாறாமல் இருக்கலாம். அந்தத் தெருவைக் கண்டுபிடிப்பதில்தான் லாபம்.

மழைவரை பொறுக்க முடியாதவர்கள் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அயர்ன் வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். புது வீடுகளில் மட்டும் பேஸ்மட்டம் ரொம்ப உயரமாக இருந்தால் காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

மழை பொய்த்த வருஷத்தில் இந்த வழி உதவாது. கோடைத் தண்ணீர்க் கஷ்டத்தையும் இது காட்டாது. சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று தனியாக விசாரியுங்கள். தெரு காய்ந்திருப்பதால் பத்திரமும் சரி என்று ஆகிவிடாது. சர்வே எண்ணை வைத்து, அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கா என்று வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் கட்டாயம் பாருங்கள்.