பழைய டூர்மலின் கழுத்தணிகள்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், எங்கள் பட்டறையில் வேலை பழக வந்திருக்கும் தம்பி ஒருவர், 1840-களைச் சேர்ந்த இளஞ்சிவப்பு டூர்மலின் கல் கழுத்தணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, நீரில் நுண்ணதிர்வை உண்டாக்கி நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியை நோக்கி நேராக நடந்தார். "தம்பி, அதை அப்படியே மேசையில வையுங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார். என்ன பிழை என்று அவருக்கு விளங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் விளங்கவில்லை. அப்போது என்னைத் தடுக்க அருகில் எவரும் இருக்கவில்லை.

லண்டனில் பழைய நகைகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். கண்ணாடியைக் கல்லென்று நம்புவது, ரசீது வாங்காமல் பணத்தைக் கொடுப்பது போன்ற தவறுகளை இங்கே நான் எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் தாமாகவே திருந்திவிடுவார். நன்றாகப் படித்தவர்களும், கைத்திறன் உள்ளவர்களும், நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டே செய்யும் தவறுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

"விக்டோரியன்" என்ற சொல்லைக் காலமாக எடுத்துக்கொள்வது

விக்டோரியா அரசியார் ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட நகையே விக்டோரியா காலத்து நகை. ஆனால் கடைகளில் இந்தச் சொல் இன்று ஒரு தோற்றத்தைக் குறிப்பதாக மாறிவிட்டது. சென்னையில் "விக்டோரியன்" என்று கேட்டால், கருமை ஏற்றிய வெள்ளியில் பொன் முலாம் பூசி, வண்ணக் கற்கள் பதித்த புது நகையை எடுத்துக் காட்டுவார்கள். ஜெய்ப்பூரில் கல் வெட்டிக் கட்டப்படும் அத்தகைய கழுத்தணிகள் பல மிக நேர்த்தியானவை. அவற்றை விரும்பி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பழைய நகைக்குரிய விலையைக் கொடுத்து வாங்கினால் மட்டுமே நட்டம்.

இங்கிலாந்திலும் இதே குழப்பம் வேறு வடிவில் இருக்கிறது. விதை முத்தும் இளஞ்சிவப்பு டூர்மலினும் சேர்ந்த, மெல்லிய சங்கிலியில் தொங்கும் கழுத்தணியை விற்பவர்கள் பெரும்பாலும் "விக்டோரியன்" என்றே எழுதி வைப்பார்கள். நான் கையாண்டவற்றில் பெரும்பாலானவை அதற்கு அடுத்து வந்த எட்வர்ட் மன்னரின் காலத்தவை. 15 காரட் முத்திரையைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. அந்தத் தரம் பிரிட்டனில் 1854-இல் அனுமதிக்கப்பட்டு 1932-இல் கைவிடப்பட்டது. ஆகவே அந்த முத்திரை இருந்தால் நகை பழையது என்று மட்டும் சொல்லலாம். விக்டோரியா காலத்தது என்று அதிலிருந்து முடிவு செய்ய இயலாது. பச்சை, வெள்ளை, ஊதா ஆகிய மூன்று நிறக் கற்கள் சேர்ந்திருந்தால், பெண்களின் வாக்குரிமைப் போராட்ட நகை என்று ஒரு கதையையும் கூடவே சொல்வார்கள். அந்த மூன்று நிறங்களும் அந்த இயக்கத்தின் அடையாளமானது 1908-இல்தான். அதற்கு முன்பும் பின்பும், நிறம் அழகாக இருக்கிறது என்பதற்காகவே அப்படிச் சேர்த்துச் செய்தவை ஏராளம்.

மாறாக, கண்ணைப் பறிக்கும் நீல நிறத்தில், விளக்கு எரிவதுபோல் ஒளிரும் டூர்மலின் ஒன்று "விக்டோரியா காலத்து" கழுத்தணியின் நடுவில் இருந்தால், வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. செம்பு கலந்ததால் அந்த நிறம் பெற்ற பராய்பா வகை, பிரேசிலில் 1980-களின் இறுதியில்தான் வெளிவந்தது. வெள்ளைப் பொன்னும் இருபதாம் நூற்றாண்டின் சரக்கே.

பெயரை நம்பிக் கல்லைத் தீர்மானிப்பது

டூர்மலின் என்ற பெயரே ஒரு குழப்பத்தில் பிறந்தது. இலங்கையில் "தோரமல்லி" என்று சிங்களத்தில் சொல்லப்பட்ட பலவகைக் கற்கள் கலந்த பொதிகள், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்களின் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. அந்தச் சொல்லே பின்னர் இந்தக் கல்லின் பெயராக நிலைத்தது. அதற்கு முன்பும் பின்பும் பச்சை டூர்மலின் மரகதமாகவும் சிவப்பு டூர்மலின் மாணிக்கமாகவும் விற்கப்பட்டிருக்கிறது. ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்டாவ் 1777-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குப் பரிசளித்த "சீசரின் மாணிக்கம்" உண்மையில் சிவப்பு டூர்மலின்தான். அரண்மனைக்கே அப்படியென்றால், குடும்பப் பெட்டியிலிருந்து வரும் துண்டுச்சீட்டில் "மாணிக்க அட்டிகை" என்று எழுதியிருப்பதை எப்படி நம்புவது?

தொடக்கநிலையில் இருப்பவர்களை ஏமாற்றுவது மாணிக்கத்தைவிட, டோபாஸ் எனப்படும் புஷ்பராகமே. இளஞ்சிவப்புப் புஷ்பராகம் அக்கால நகைகளில் மிகுதியாக உண்டு. அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்ற அளவு, 1.61 முதல் 1.64 வரை, டூர்மலினுக்கோ 1.62 முதல் 1.64 வரை. கருவியில் ஒரே ஓர் அளவை எடுத்துவிட்டு "டூர்மலின்" என்று எழுதிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். டூர்மலினில் ஒளி இரண்டாகப் பிரியும் அளவு சுமார் 0.018 முதல் 0.020 வரை, புஷ்பராகத்தில் அது ஏறக்குறைய 0.010 மட்டுமே. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு கைலென்ஸை வைத்து, கல்லின் மேல்முகத்தின் வழியாகக் கீழே உள்ள பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். டூர்மலினில் அந்த விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும். ஒரு திசையிலிருந்து பார்த்துத் தெரியாவிட்டால், நகையைத் திருப்பி வேறு திசையிலிருந்தும் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் டூர்மலினை டூர்மலின் என்றே மதித்துக் கட்டிய கழுத்தணி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர், ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள ஹாம்லின் கழுத்தணியைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், 1820-இல் கண்டறியப்பட்ட மவுண்ட் மைக்கா சுரங்கத்தின் கற்கள் அதில் பச்சையும் இளஞ்சிவப்புமாக வரிசையாக நிற்கின்றன.

தகடு வைத்த கல்லை நனைப்பது

இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, வண்ணக் கற்களைப் பின்புறம் மூடிய பொன் கிண்ணத்தில் அமர்த்துவது வழக்கம். கல்லுக்கு அடியில், தாளைவிட மெல்லிய வெள்ளி அல்லது செம்புத் தகட்டை மெருகேற்றி, தேவையானால் அதன்மேல் சாய வார்னிஷ் பூசி வைப்பார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியக்கூடிய வெளிர் டூர்மலின், அந்தத் தகட்டின் பிரதிபலிப்பால் ரோஜா நிறத்தில் ஒளிரும். நம் ஊர்க் கெம்பு நகைகளில் கல்லுக்கு அடியில் தகடு வைப்பதும் இதே நுட்பந்தான்; கெம்பு அட்டிகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதன் காரணமும் அதுவே.

அந்தக் கிண்ணத்துக்குள் காற்றோ நீரோ போகாமல் தடுப்பது, கல்லின் ஓரத்தோடு அழுத்தி மடிக்கப்பட்ட பொன் விளிம்பு மட்டுமே. வேறு அடைப்பு எதுவும் கிடையாது. நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகள் கழுத்திலும் துணியிலும் உராய்ந்த பிறகு அந்த விளிம்பில் எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தே இருக்கும். நீரில் நனைத்தால் அந்த இடைவெளியின் வழியே நீர் தானாகவே உள்ளே இழுக்கப்படும். வெளியே வர அதற்கு வழியில்லை. வார்னிஷ் கரையும், தகடு கருக்கும், கல்லின் நிறம் போய்விடும்.

நான் நனைத்தது பதினெட்டுக் கற்கள் கொண்ட ரிவியேர் வகைக் கழுத்தணி. நடுவில் பெரிய கல், இருபுறமும் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் வரிசை. ஒரு மூதாட்டி தம் பேத்தியின் திருமணத்துக்காகச் "சற்றுச் சுத்தம் செய்து தாருங்கள்" என்று கொடுத்திருந்தார். வெந்நீரும் சோப்பும் கலந்த அல்ட்ராசோனிக் தொட்டியில் இரண்டே நிமிடம் வைத்து எடுத்தேன். எடுத்தபோது கற்கள் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தன. எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. மறுநாள் காலை, இடப்பக்கத்து நான்காவது கல்லின் ஓரத்தில் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. அதை உலர்த்திவிடலாம் என்று எண்ணி நகையை விளக்கின் கீழ் வைத்தேன். அது இரண்டாவது தவறு. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகித் தகடு முழுவதும் பரவியது. மாலைக்குள் ஐந்து கற்கள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டன. ஒரு வாரத்தில் அது ஒன்பதானது.

தகட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மாற்ற வேண்டுமானால் அந்தப் பொன் விளிம்பைத் திறக்க வேண்டும். தேய்ந்து மெலிந்த பழைய பொன், நிமிர்த்தும்போதே விரிசல் விடுகிறது. திறந்து புதுத் தகடு வைத்தாலும் அதன் நிறம் பக்கத்துக் கல்லின் பழைய தகட்டோடு ஒத்துப்போகாது. அதனால் நல்ல நிலையில் இருந்த மற்ற ஒன்பது கற்களின் தகடுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய நகைக்கு மதிப்பு தருவதே கை படாத அந்த உள்பகுதிதான். அது போன பிறகு மதிப்பிட்டவர் முன்பு சொன்ன விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. நட்டஈட்டில் என் பங்கை ஏழு மாதச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டினேன். அந்த மூதாட்டி என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கழுத்தணியை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் நீண்ட நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிறம் வேறு" என்றார்.

என்னை இன்று எரிச்சலூட்டுவது, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பழைய நகையை ஊற வைக்கச் சொல்லும் காணொளிகள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று ஒரு வரிகூட அவற்றில் இல்லை.

தகடு இருப்பதை அறிவது கடினமான வேலையன்று. பின்புறம் முழுவதும் பொன்னால் மூடியிருந்தால் தகடு இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைச் சாய்த்துப் பாருங்கள்: தகடு வைத்த கல்லில் ஒளி எந்தக் கோணத்திலும் ஒரே சீராக அடியிலிருந்து எழும், பின்புறம் மூடாத திறந்த கட்டில் உள்ள கல்லில் ஒளிரும் இடமும் இருண்ட இடமும் மாறி மாறி வரும். லூப்பில் பார்த்தால் கல்லுக்கு அடியில் மெல்லிய சுருக்கங்களோ, ஓரத்தில் ஓர் இருண்ட புள்ளியோ தென்படலாம். அந்தப் புள்ளி இருந்தால் விளிம்பு ஏற்கெனவே திறந்துவிட்டது என்று பொருள்.

அத்தகைய நகையை உலர்ந்த மென்மயிர்த் தூரிகையால் மட்டுமே துடைக்க வேண்டும். பிசுக்கு மிகுதியாக இருந்தால், நன்றாகப் பிழிந்து ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த துணி முனையால் கல்லின் மேல்முகத்தை மட்டும், கல் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுக்கலாம். இடைவெளியைப் பசையிட்டு அடைக்க முயல வேண்டாம். பசையும் நீரைப் போலவே உள்ளே இழுக்கப்படும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்ட உடனே அணிவதும், வியர்வையோடு கழற்றிப் பெட்டியில் போடுவதும் அதே சேதத்தை மெதுவாகச் செய்யும்.

திறந்த கட்டில் உள்ள டூர்மலினுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியோ நீராவியோ ஏற்றதன்று. இந்தக் கல்லுக்குள், அதிலும் சிவப்பு வகையில், திரவம் நிறைந்த நுண்ணிய பிளவுகள் இயல்பாகவே உண்டு. வெப்பத்திலும் அதிர்விலும் அவை நீளும்.

கல்லை வைத்துக்கொண்டே பற்றவைப்பது

கூடாது. அறுந்த வளையம் கல்லுக்கு அருகில் இருந்து, கல்லைக் கழற்றவும் முடியாவிட்டால், லேசர் பற்றவைப்பு உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள்.

பொன்னை மெருகேற்றுவது

வேண்டாம்.

பழைய கொக்கியைத் தூக்கி எறிவது

நண்டின் கொடுக்கு வடிவக் கொக்கி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அது இருப்பதால் மட்டும் நகை புதியது ஆகிவிடாது, எவரோ மாற்றியிருக்கலாம். மாற்ற வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால், கழற்றிய பழைய கொக்கியை ஓர் உறையில் இட்டு நகையோடு சேர்த்தே கொடுங்கள். முத்திரை பல நேரங்களில் அதன்மேல்தான் இருக்கும்.

காட்சிப் பேழையில் விளக்கின் அடியில் வைப்பது

டூர்மலின் சூடேறினால் அதன் இரு முனைகளிலும் மின்னூட்டம் உண்டாகிறது. டச்சுக்காரர்கள் சூடாக்கிய கல்லைக் கொண்டு புகைக்குழாயின் சாம்பலை இழுத்தெடுத்ததும், இக்கல்லுக்குச் "சாம்பல் இழுப்பான்" என்ற பெயரே வைத்ததும் இதனால்தான். பேழைக்குள் சூடான விளக்கு இருந்தால் மற்றக் கற்களைவிட டூர்மலினில் விரைவில் தூசி படியும். தூசியைக் கண்டு மீண்டும் மீண்டும் துடைப்பார்கள், என்றாவது ஒருநாள் ஈரத்துணியால் துடைப்பார்கள். வெப்பம் தராத விளக்கைப் பொருத்துவது எளிது.

அன்று நான் தடுத்து நிறுத்திய கழுத்தணியை அந்தத் தம்பியிடமே திரும்பக் கொடுத்து, பின்புறத்தைப் பார்க்கச் சொன்னேன். பதினான்கு கிண்ணங்களும் மூடியிருந்தன. உலர்ந்த தூரிகையோடு முக்கால் மணி நேரம் அமர்ந்து, விளிம்புகளில் படிந்திருந்த சோப்புப் படிவையும் தோல் பிசுக்கையும் துகள் துகளாக எடுத்தார். ஆறாவது கல்லின் ஓரத்தில் ஊசிமுனையளவு கருமை இருப்பதை அவரே லூப்பில் கண்டு, "அக்கா, இது எங்களுக்கு முதலே வந்திட்டுது" என்றார். அதைப் படம் எடுத்து, உரிமையாளருக்குத் தரும் சீட்டில் கல்லின் எண்ணோடு குறித்து வைத்தோம்.