பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிகிறதா? முதலில் மூடியைப் பாருங்கள்

பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்பின் சட்டை மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே உறையாகக் கழல வேண்டும். என் பாம்புக்குப் பிய்ந்து பிய்ந்து வந்ததற்குக் காரணம் தொட்டியின் வலைமூடி. வெப்ப விளக்கில் சூடான காற்று, ஈரத்தையும் இழுத்துக்கொண்டு அந்த வழியே போய்விடுகிறது. தண்ணீர் தெளித்தால் ஈரப்பதமானி சற்று ஏறும், சீக்கிரமே இறங்கிவிடும்.

வலையில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடினேன். விளக்குக்கு நேர்கீழேயும் காற்றோட்டத்துக்கும் மட்டும் இடம் விட்டேன். மரச்சீவலை எடுத்துவிட்டு, 8 செ.மீ. ஆழத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் போட்டேன். தண்ணீரை மூலைகளில் ஊற்றினால் அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு காய்ந்தும் இருக்கும். மேற்பரப்பு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும். சட்டை ஒட்டுவதைவிட அது மோசம்.

உரிக்கப் போவதற்கு அடையாளமாகக் கண் நீலம் பாய்ந்ததும் ஈரப்பதம் 70–80 சதவீதம் வேண்டும். மற்ற நாட்களில் 60 போதும். வெப்பத்தைக் கூட்டாதீர்கள். தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாகச் சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. இரண்டுக்கும் நடுவே, வாசல் வெட்டிய மூடி டப்பாவில் ஈரமான ஸ்பேக்னம் பாசி. பாசியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது.

உரிக்கும்வரை இரை வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். பிறகு சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்மூடிகளும் (கண்ணின் மேலிருக்கும் தெளிவான செதில்கள்) வந்திருக்கின்றனவா பாருங்கள். ஒன்று தங்கியிருந்தால் நகத்தால் கிள்ளாதீர்கள், கண்ணே போய்விடும். அடுத்த உரிப்பிலும் கழலாவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.